சுவரில் சாய்ந்து பத்து நிமிடம்

2021 மே மாதம் கொரோனா வந்தது. பன்னிரண்டு நாளில் காய்ச்சல் விட்டது, களைப்பு விடவில்லை. சேலம் அம்மாபேட்டையில் வீடு, இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளிப் பள்ளி. நான் கணித ஆசிரியை. செப்டம்பரில் பள்ளி திறந்தபோது கரும்பலகையில் நான்கு வரி எழுதுவதற்குள் நாற்காலியைத் தேடினேன். வாய்ப்பாடு நடுவில் நின்றுவிடும். பிள்ளைகள்தான் எடுத்துக்கொடுப்பார்கள்.

தைராய்டு, சர்க்கரை, ரத்தசோகை என்று எந்தப் பரிசோதனையிலும் குறையில்லை. ஒரு தனியார் மருத்துவமனையில் மனச்சோர்வுக்கு மாத்திரை கொடுத்து, தினமும் சிறிது சிறிதாகக் கூட்டி நடக்கச் சொன்னார்கள். நான் சொன்ன சொல் தட்டாத பேர்வழி. மூன்றாவது வாரம் அரை மணி நேரம் நடந்தேன். அந்த ஞாயிறு குடும்பத்தோடு ஏற்காடு போனோம். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் காரில் கடந்து, ஏரிக்கரையில் நடந்து, மிளகாய் பஜ்ஜி கூடச் சாப்பிட்டேன். திங்களும் பரவாயில்லை. செவ்வாய்க்கிழமை காலை பல் துலக்கத் தூக்கிய கை பாதியிலேயே இறங்கிவிட்டது. ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. ஒன்பது நாள் படுக்கை.

"மலைக்குப் போக முடிகிறது, மாவாட்ட முடியவில்லையா கண்ணு?" என்று அத்தை கேட்டார். குத்திக்காட்டவில்லை, அவருக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.

மருத்துவ விடுப்புக்கு நோயின் பெயர் வேண்டும். அந்தப் பெயரைத் தேடித்தான் ஐந்தாவது மருத்துவரிடம் போனேன். அஸ்தம்பட்டியில் வீட்டு முன்னறையில் நோயாளிகளைப் பார்க்கும் பெரியவர். ரிப்போர்ட் கட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "டீச்சர், படுத்த கதை இருக்கட்டும். அதற்கு முந்திய இரண்டு நாள் என்ன செய்தீர்கள்?" என்றார்.

பிறகு கொஞ்ச நேரம் படுக்கவைத்து நாடித்துடிப்பைக் குறித்தார்: 76. எழுந்து, குதிகாலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி ஊன்றி, முதுகை மட்டும் சாய்த்துப் பேசாமல் நிற்கச் சொன்னார். நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணினார். ஆறாவது நிமிடம் காது அடைத்தது. பத்தாவதில் துடிப்பு 114. குனிந்து பார்த்தேன், பாதம் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. நின்றதற்கே 30-க்கு மேல் ஏறினால் அதற்கொரு காரணம் இருக்கும் என்றார். ஒன்றுமில்லை என்று கேட்டுக் கேட்டுப் பழகியவளுக்கு அந்த 38 ஒரு பெரிய எண்.

அவர் சந்தேகப்பட்டது நாட்பட்ட களைப்பு நோய். அதற்குத் தனி ரத்தப் பரிசோதனை கிடையாது. 2015-இல் அமெரிக்காவின் 'இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின்' அமைப்பு வகுத்த அளவுகோலை வைத்துத்தான் பார்த்தார்: ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கும் செயலிழப்பு, உழைத்த பின் நிலைமை மோசமாவது, தூங்கியும் தெளியாத உடம்பு, இவற்றோடு நினைவுத் தடுமாற்றமோ நிற்க முடியாமையோ இருக்க வேண்டும். எனக்கு எல்லாமே இருந்தன.

கூட்டிக் கூட்டி நடக்கும் யோசனைக்குப் பெரிய பலம் சேர்த்தது, பிரிட்டனில் 641 பேரிடம் நடத்தி 2011-இல் 'லான்செட்' இதழில் வெளியிட்ட 'பேஸ்' ஆய்வு. உடல் இயக்கத்தில் நூற்றுக்கு 65 அல்லது அதற்குக் கீழே மதிப்பெண் இருந்தவர்களை நோயாளிகளாகச் சேர்த்தவர்கள், முடிவில் 60 எடுத்தாலே இயல்பு நிலை என்று கொண்டார்களாம். இருபது வருடமாக விடைத்தாள் திருத்துகிறேன். சேரும்போது 65, தேறும்போது 60 என்றொரு தேர்வை நான் பார்த்ததில்லை. 2021 அக்டோபரில் பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் 'நைஸ்' அமைப்பு அந்தப் பயிற்சியைத் தன் வழிகாட்டுதலிலிருந்து எடுத்துவிட்டது.

குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. ஊசி போட்டால் சரியாகும் என்று சொந்தக்காரர் ஒருவர் செய்தி அனுப்பினார். அவர் சொன்ன ரிட்டுக்சிமாப் என்ற மருந்தை நார்வேயில் இதே நோயுள்ள 151 பேரிடம் சோதித்து, வெற்று மருந்தைவிட எந்தப் பலனும் இல்லை என்று 2019-இல் வெளியிட்டுவிட்டார்கள் என்று பதில் போட்டேன். அதோடு அவர் பேசுவதில்லை.

செய்வதெல்லாம் உடம்பின் சக்தியில் சிக்கனம்தான். உட்கார்ந்து காய் நறுக்குகிறேன், குளியலறையில் ஸ்டூல், மாவு கடையில். முடியும் என்று தோன்றும்போதே நிறுத்திவிட வேண்டும், அதுதான் கடினம்.

சான்றிதழோடு அலுவலகம் போனேன். எழுத்தர் கட்டத்தில் இடம் போதாது என்று 'களைப்பு' என்று மட்டும் எழுதினார். பேனாவை வாங்கி, முன்னே 'நாட்பட்ட', பின்னே 'நோய்' என்று பொடி எழுத்தில் சேர்த்தேன். அவர் கையெழுத்து வாங்க உள்ளே போனபோது அங்கிருந்த பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டேன்.