உறுதியில் இல்லாத பெயர்

2025 ஜூன் 7, சனி

கொக்குவிலில் ஒரு வீட்டு விறாந்தையில் கூடினோம். வாசலில் நிறையச் செருப்பு கிடந்தால் அயலில் கேள்வி வரும் என்று எல்லாவற்றையும் உள்ளே எடுத்து வைத்தோம். பேச்சு ஒரே பாலாரின் உறவைக் குற்றமாக்கும் 365, 365அ பிரிவுகளில்தான் தொடங்கியது. இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை. 1995 திருத்தம் பெண்களையும் அதற்குள் இழுத்துவிட்டது. புதிதாக வந்த தம்பி ஒருவன், "இதை மாற்ற எம்.பி. பிரேம்நாத் தொலவத்த கொண்டுவந்த சட்டமூலம் என்னாச்சு அக்கா?" என்று கேட்டான். அது அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் சொன்னது. அடுத்த ஆண்டு பாராளுமன்றம் கலைந்தது, சட்டமூலமும் அதோடு போயிற்று. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிறெரிகிறது.

ஜூன் 10, செவ்வாய்

சனிக்கிழமை வாயே திறக்காத அன்ரி இன்று வீட்டுக்கு வரச் சொன்னார். பொலித்தீன் பையிலிருந்து காணி உறுதியை எடுத்து மேசையில் விரித்தார். மடிப்புகளில் கடதாசி கிழியத் தொடங்கியிருக்கிறது. வாங்கியவர் என்ற இடத்தில் அவருடைய தோழியின் பெயர் மட்டும்.

"என்ர சம்பளமும் இதுக்குள்ளதான் கிடக்கு பிள்ளை. கடன் அவளின்ர பேரில எடுத்தபடியா உறுதியும் அவளின்ர பேரில முடிஞ்சுது."

தோழி மாரடைப்பில் போய்விட்டார். அந்தியேட்டி முடிந்த கையோடு தமையன் வந்து, வீட்டை எப்போது விடுகிறீர்கள் என்று கேட்டாராம். அவர் கெட்டவர் இல்லை என்று அன்ரியே சொல்கிறார். சட்டம் அவர் பக்கம் இருக்கிறது, அவ்வளவுதான்.

இதே இருவர் கலியாணம் எழுத முடிந்திருந்தால்? யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி, கலியாணத்துக்குப் பிறகு காசு கொடுத்து வாங்கிய சொத்து தேடிய தேட்டம். ஒருவர் இறந்தால் அதில் பாதி மற்றவருக்கு. சேர்ந்து உழைத்தவருக்குப் பங்கு உண்டு என்று நம் ஊர்ச் சட்டமே சொல்கிறது. கலியாண உரிமை மேல்நாட்டுக்காரர் சரக்கு என்று பேசுகிறவர்கள் அந்த மேசைக்கு முன்னால் இருந்து அதைச் சொல்லட்டும்.

ஜூன் 15, ஞாயிறு

திருநெல்வேலியில் துண்டுப்பிரசுரம் போட்டோக்கொப்பி எடுத்தோம். பொலிஸ் பிரச்சினை வருமோ என்று கடைக்காரர் கேட்டார். சட்டத்தை மாற்றச் சொல்லிக் கேட்பது குற்றமில்லை என்றேன். சரி என்று எடுத்துத் தந்தார்.

ஜூன் 21, சனி

தாய்லாந்தில் ஜனவரியிலிருந்து எங்களைப் போன்றவர்கள் கலியாணம் பதிகிறார்கள். இங்கே அதுவரைக்கும் என்ன செய்வது? இன்று அதைத்தான் பேசினோம். மரணசாதனம், அதாவது உயில், எழுதி வைக்கலாம். உறுதி எழுதும் நொத்தாரிசு முன் இரண்டு சாட்சி, நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சி வேண்டும். இது கலியாணத்துக்கு ஈடாகாது. ஆனால் வீடாவது மிஞ்சும். அன்ரிக்கு இது பிந்திவிட்டது. அவருடைய சம்பளத் துண்டுகளையும் வங்கிப் புத்தகத்தையும் தேடி எடுத்திருக்கிறோம், திங்கட்கிழமை சட்டத்தரணியிடம் கொண்டுபோகிறோம். அப்புறம், சாவகச்சேரிச் சோடி ஒன்று எழுதத் தயார். இரண்டு சாட்சிதான் இன்னும் கிடைக்கவில்லை. ஒருவர் நானாக இருக்கலாமா என்று கேட்டார்கள், ஓம் என்றேன்.