முன்பக்கக் கண்ணாடி இல்லாத விமானம்

விமானம் ஓட்டும் கணினி விளையாட்டான மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் 2022-இல் சில பழைய விமானங்களைச் சேர்த்தார்கள். அதில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது ‘ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸ்’. 1927 மே மாதம் சார்லஸ் லிண்ட்பெர்க் நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்குத் தனியாக, எங்கும் இறங்காமல் ஓட்டிப்போனாரே, அது.

உள்ளே உட்கார்ந்தால் எதிரே கருவிகள் மட்டும்தான். முன்பக்கக் கண்ணாடியே கிடையாது! பெரிய பெட்ரோல் டேங்க் விமானிக்கு முன்னால் இருக்கிறது. விழுந்தால் என்ஜினுக்கும் டேங்குக்கும் நடுவில் நசுங்கக்கூடாது என்று லிண்ட்பெர்க் கேட்டு வாங்கிய ஏற்பாடு அது. வெளியே பார்க்கப் பக்கவாட்டு ஜன்னலும் கண்ணாடிகள் வழியே முன்னால் பார்க்க உதவும் சின்ன பெரிஸ்கோப்பும்தான். தரையிறங்கும்போது விமானத்தைக் கொஞ்சம் கோணலாகச் சறுக்கவிட்டு, ஜன்னல் வழியே ஓடுபாதையைத் தேடுகிறேன். அவரும் அப்படித்தான் தேடியிருக்க வேண்டும்.

டேங்கை முழுக்க நிரப்பிக் கிளம்பிப் பாருங்கள். சுமார் 1,700 லிட்டர் பெட்ரோல். இழுக்க 223 குதிரைத்திறன். நிறைமாதக்காரி போல மெதுவாகத்தான் எழும்புகிறது. நிஜத்தில் அன்று லிண்ட்பெர்க் கிளம்பிய ரூஸ்வெல்ட் ஃபீல்ட் விமானத்தளம் சேறாகக் கிடந்தது, டெலிபோன் கம்பிகளை மயிரிழையில் தாண்டினார். ரேடியோவும் இல்லை. மொத்தம் 33 மணி நேரத்துக்கும் மேல்; முந்தைய இரவும் சரியான தூக்கமில்லை. அவ்வளவு நேரம் உட்கார எனக்குப் பொறுமை ஏது? அயர்லாந்துக் கரையிலிருந்தே தொடங்கினேன்.

அடுத்து நான் ஓட்டப்போவது, 1947-இல் ஒரே ஒருமுறை பறந்த, அமெரிக்கத் தொழிலதிபர் ஹாவர்ட் ஹியூஸின் ராட்சத மர விமானம்.