ஹேவ்லாக்ல மல்லாக்க விழுந்த கதை (மாஸ்க்குக்கு 3000 ரூபாய் தண்டம் உட்பட)

அந்தமான் போர்ட் பிளேர்ல இருந்து சென்னை வந்து எறங்கி ரெண்டு நாள் கூட ஆகல, தலையச் சாய்ச்சா காதுக்குள்ள இன்னும் உப்புத்தண்ணி ஆடுது, அதுக்குள்ள உக்காந்து எழுதுறேன்னா காரணம் கோவம்தான். ஆறிப்போனப்புறம் எழுதுனா "நல்ல அனுபவம், எல்லாரும் போயிட்டு வாங்க"ன்னு எழுதிடுவேன். கோவம் ஒரு பழைய மாஸ்க் மேல. ஸ்ட்ராப் வெளுத்து, கண்ணாடி ஓரத்துல பாசி படிஞ்ச, ஸ்கூபா டைவிங்குக்குப் போடுற ஒரு வாடகை மாஸ்க், அத நான் கடல்ல போட்டுட்டேன்னு என்கிட்ட 3000 ரூபாய் புடுங்கிட்டானுங்க. தப்பு என் மேலயும் இருக்கு, அதையும் சொல்றேன். எப்படிப் போறது, எங்க தங்குறது, எவ்ளோ செலவுன்னு வரிசையா எழுதத்தான் நெனச்சிருக்கேன், எழுத வருதான்னு பாப்போம்.

ஹேவ்லாக் தீவுக்கு 2018ல ஸ்வராஜ் த்வீப்னு பேர மாத்தியாச்சு, ஆனா ஜெட்டில எறங்குனா அத்தன பேரும் ஹேவ்லாக்னுதான் சொல்றாங்க. எறங்குன உடனே ஆட்டோக்காரங்க சுத்திக்குவாங்க. அஞ்சாம் நம்பர் பீச்சுக்கு 600 கேட்டான். தூரம் அஞ்சு கிலோமீட்டர் கூட இருக்காது. நானும் மச்சானும் பையத் தூக்கிட்டு நடக்க ஆரம்பிச்சோம், நூறு அடி போனதும் அதே ஆட்டோ பின்னாடியே வந்து 300ன்னு நின்னுச்சு. அதுவே அதிகந்தான், ஆனா வெயில் மண்டையப் பொளந்துச்சு.

சரி டைவிங். நான் ஓப்பன் வாட்டர்ங்கிற ஆரம்பக் கோர்ஸ் பாண்டிச்சேரில முடிச்சேன், மொத்தமே நாலு டைவ் போட்ட ஆளு. தண்ணிக்கு அடில எனக்குப் பெருசா பயம் கிடையாது, ஒரு தடவ உள்ள போயிட்டா நிம்மதியாத்தான் இருக்கு. பயமெல்லாம் படகுல இருந்து தண்ணிக்குப் போற அந்த மூணு செகண்டுதான். யூட்யூப்ல பவளம், மீன், ஆமை எல்லாத்தையும் காட்டுறான், அந்த மூணு செகண்ட எவனும் காட்ட மாட்டேங்கிறான்.

அங்க சூரியன் நம்ம ஊர விட சீக்கிரம் வந்துரும், சாயங்காலம் அஞ்சரைக்கெல்லாம் இருட்டவும் ஆரம்பிச்சிடும், அதனால காலைல ஆறு மணிக்கே டைவிங் கடைக்கு வரச்சொன்னாங்க. முக்காவாசி கடைகள்ல படகுன்னா டுங்கிதான். நீளமான மரப்படகு, நடுவுல டீசல் எஞ்சின், தடதடதடன்னு அது போடுற சத்தத்துல பல்லு ஆடும், பொகை நேரா மூஞ்சிக்கு வரும். வாந்திக்குப் போடுற அவோமின் மாத்திரைய ஏறுறதுக்கு ஒண்ணு ரெண்டு மணி நேரம் முன்னாடியே போட்டுருங்க, ஏறுனப்புறம் போட்டா மாத்திரையும் வெளிய வந்துரும். மச்சானுக்கு வந்துச்சு.

டுங்கில எழுந்து நின்னு குதிக்க முடியாது. நின்னாலே படகு ஒரு பக்கம் சாயும். அதனால பேக் ரோல், அதாவது படகு விளிம்புல தண்ணிக்கு முதுகக் காட்டி உக்காந்து மல்லாக்க விழுறது. ரெண்டு பக்கமும் ஆள் ஆளா உக்காத்தி வச்சு, ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணி ஒரே நேரத்துல விழச் சொல்றாங்க. ஒருத்தன் மட்டும் லேட்டா விழுந்தா, முன்னாடி விழுந்து மேல வந்தவன் தலைல இவன் முதுகுல இருக்குற காத்து டேங்க் எறங்கும். டேங்க் வெத்தாவே 14 கிலோ, உள்ள அடைச்ச காத்துக்கே இன்னொரு ரெண்டரை கிலோ. தேங்கா விழுந்தா கூடப் பொழச்சுக்கலாம்.

படகுல ஹெல்ப்பரா இருந்த அண்ணன் போர்ட் பிளேர் தமிழர். அப்பா காலத்துல ராமநாதபுரத்துப் பக்கம் இருந்து வந்த குடும்பமாம். டைவ்மாஸ்டர் ஹிந்தியும் இங்கிலீஷும் கலந்து சொன்ன பிரீஃபிங்ல எனக்குப் பாதிதான் ஏறுச்சு, அண்ணன் ரெண்டே வரில முடிச்சிட்டார். "தம்பி, வலது கை உள்ளங்கை வாயில இருக்குற ரெகுலேட்டர அமுக்கணும், வெரலு மாஸ்க்க அமுக்கணும், இடது கை பின்னந்தலைல ஸ்ட்ராப்பப் புடிக்கணும். அப்புறம் ஒன் தொப்புளப் பாத்துக்கிட்டே விழு, திரும்பிப் பாக்காத." ரெகுலேட்டர்னா டேங்க் காத்த வாய்க்குக் கொண்டு வர்ற கருவி. அந்தத் தொப்புள் விஷயம்தான் முக்கியம். தொப்புளப் பாத்தா தாடை தானா நெஞ்சுல ஒட்டிக்கும், தலை டேங்க்ல போயி இடிக்காது.

இன்னொண்ணு, விளிம்போட நுனியில உக்காரணும், டேங்க் முழுசா தண்ணிக்கு மேல தொங்கணும். பயந்துக்கிட்டு உள்ள தள்ளி உக்காந்தா விழும்போது டேங்க் மரத்துல மோதி முதுகெலும்பு வரைக்கும் அதிரும். கால மடக்கித் தூக்கிக்கணும், இல்லன்னா கால்ல போட்டிருக்குற துடுப்பு, அதான் ஃபின், விளிம்புல மாட்டிக்கும். காத்தடைச்சு மிதக்க வைக்கிற ஜாக்கெட், அதான் பிசிடி, அதுல பாதி காத்து இருக்கணும், மேல தூக்கிட்டு வர்றது அதுதான். கடைசியா, விழுறதுக்கு முன்னாடி அழுத்தமானிய பாத்துக்கிட்டே ரெகுலேட்டர்ல நாலு இழுப்பு இழுக்கணும். இழுக்க இழுக்க முள்ளு கீழ எறங்குதுன்னா டேங்க் வால்வு சரியா தெறக்கலன்னு அர்த்தம். இதையெல்லாம் நான் பண்ணேன். ஸ்ட்ராப் லூசா இருக்கான்னு மட்டும் பாக்கல.

ஒண்ணு, ரெண்டுன்னு சொன்னான். மூணு சொல்றதுக்குள்ள ஒரு அலை வந்து படக தூக்குச்சு, என் இடது கை ஸ்ட்ராப்ப விட்டுட்டு படகு விளிம்பப் புடிக்கப் போச்சு, அந்த நேரம் பாத்து அண்ணன் நெஞ்சுல கைய வச்சு லேசா தள்ளிட்டார். வானம், எஞ்சின் பொகை, என் ரெண்டு ஃபின், அப்புறம் மூக்கெல்லாம் உப்பு. ஒரு செகண்டு எது மேல எது கீழன்னே தெரியல, பிசிடி பாட்டுக்கு என்னத் தூக்கிட்டு வந்து மேல போட்டுச்சு. வாயில ரெகுலேட்டர் இருக்கு, மூஞ்சில மாஸ்க் இல்ல. லைட்ஹவுஸ்னு சொல்ற எடம் அது, கீழ பவளத்துக்கு நடுவுல எங்கயோ போயிருச்சு. டைவ்மாஸ்டர் பெட்டில இருந்து வேற மாஸ்க் எடுத்துக் குடுத்தான், டைவும் நல்லாவே போச்சு, சிங்கமீன் ஒண்ணு பாறைக்கு அடில சிறகை விரிச்சுட்டு நின்னுச்சு, ஒரு ஆக்டோபஸ் கூடப் பாத்தேன். ஆனா சத்தியமா சொல்றேன், பாதி நேரம் தரையையேதான் தேடிட்டு இருந்தேன், மாஸ்க் தெரியுதான்னு.

சாயங்காலம் பில்லுல மாஸ்க் 3500ன்னு போட்டிருந்தான். ரெண்டு டைவுக்கு 7000 வாங்கிட்டு மாஸ்க்குக்கு 3500! ஸ்ட்ராப் லூசா இருந்தத உங்க ஆளு பாத்திருக்க வேணாமான்னு கேட்டேன், நீதான் கைய விட்டன்னு வீடியோவையே போட்டுக் காட்டுறான். 3000க்கு எறங்குனான். ஜிபே இருக்கான்னேன், நல்லா இருக்குன்னான். சென்னைல இருந்து கடலுக்கு அடில கேபிள் போட்டு 2020ல இணைச்சதுல இருந்து, நெட்வொர்க் இல்லன்னு சொல்லித் தப்பிக்கவும் வழி இல்லாமப் போச்சு.

ராத்திரி மூணாம் நம்பர் மார்க்கெட்ல ஒரு பெங்காலி கடைல மீன் சாப்பாடு. கடுகெண்ணெய்ல பொரிச்ச மீன குழம்புல போட்டு, பருப்பு, உருளைக்கிழங்கு பொரியல், சோறு கேக்கக் கேக்க வச்சாங்க, 220 ரூபாய். கடுகெண்ணெய் வாசனை ஆகாதுன்னு முனகிட்டே மச்சான் மூணு தடவ சோறு வாங்குனான். அந்தத் தீவுல குடுத்த காசுக்கு நியாயமா கெடச்சது அது ஒண்ணுதான். பீச் ஓரத்து கஃபேல பாஸ்தா தின்னுட்டு 600 குடுக்குறவங்களப் பாத்தா பாவமா இருக்கு.

மறுநாள் கடைய மாத்துனோம். இவங்க படகு பெருசு, பின்னாடி பிளாட்ஃபார்ம் இருக்கு, அதனால ஜயண்ட் ஸ்ட்ரைட். நின்ன வாக்குல ஒரு பெரிய எட்டு எடுத்து வச்சு எறங்குறது. இது ஈசின்னு நெனச்சேன், ஏன்னா நான் தேனிப் பக்கத்துல கெணத்துல குதிச்சு வளந்தவன். அதுதான் வெனையாப் போச்சு. கெணத்துல எப்படிக் குதிப்போம், தண்ணியப் பாப்போம், ரெண்டு காலும் சேத்து எம்புவோம், காலக் கட்டிக்கிட்டு தொம்முனு விழுவோம். ஜயண்ட் ஸ்ட்ரைட்ல இது மூணுமே தப்பு. எம்பக்கூடாது, தெருவுல நடக்குற மாதிரி ஒரு கால எடுத்து வெளிய வைக்கணும், பின்னங்கால் அப்படியே கூட வரும். கத்திரி மாதிரி கால் விரிஞ்சே இருந்தா ரொம்ப ஆழம் போகாது. கீழ குனிஞ்சு தண்ணியப் பாக்கக் கூடாது, பாத்தா டேங்க் எடைல மூஞ்சி முன்னாடி போயி மாஸ்க் அறையும், தூரத்துல அடிவானத்தப் பாக்கணும். ஒரு கை ரெகுலேட்டரும் மாஸ்க்கும், இன்னொரு கை, மூழ்குறதுக்காக இடுப்புல கட்டுற வெயிட் பெல்ட்டு மேல, தொங்குற ஹோஸ் எதுவும் படகுல மாட்டாம சேத்து அணைச்சுக்கணும். தண்ணில யாரும் இல்லைன்னு அங்க நிக்கிற ஆளு சொன்னப்புறம்தான் கால வைக்கணும்.

மொத தடவ குனிஞ்சுட்டேன். கன்னத்துல பளார்னு ஒரு அறை, மாஸ்க் பாதி தண்ணி. ரெண்டாவது டைவுக்கு அடிவானத்துல ஒரு வெள்ள மேகத்தப் புடிச்சுக்கிட்டு நடந்தேன், அவ்ளோ சுத்தமா எறங்குனேன். அந்த சந்தோஷத்துல மேல மொபைல்ல படம் எடுத்துட்டு இருந்த மச்சானுக்கு கைய ஆட்டுனேன் பாருங்க, படகுல இருந்து ரிங்கத் தூக்கிப் போட்டுட்டானுங்க. தண்ணி மேல கைய ஆட்டுனா காப்பாத்துன்னு அர்த்தமாம். கோர்ஸ்ல சொல்லிக் குடுத்ததுதான், மறந்தே போச்சு. நல்லா இருக்கேன்னு சொல்லணும்னா கைய மடக்கி உச்சந்தலைல வெரல வச்சு வட்டமா காட்டணும். மொத்தப் படகும் சிரிச்சுச்சு.

அன்னைக்கு அழகா எறங்குனது நான் இல்ல, கோயம்புத்தூர்ல இருந்து வந்திருந்த ஒரு அக்கா. அம்பது வயசு தாண்டியிருக்கும், முட்டி வலி. அவங்க குதிக்கவும் இல்ல, விழவும் இல்ல. பிளாட்ஃபார்ம் ஓரத்துல கால தண்ணில தொங்கப்போட்டு உக்காந்தாங்க, ரெண்டு கையையும் ஒரே பக்கமா ஊணி, ஒடம்பத் திருப்பி, திண்ணைல இருந்து எறங்குற மாதிரி எறங்கிட்டாங்க. சத்தமே இல்ல. இப்படி ஒரு வழி இருக்குன்னு எவனாச்சும் மொதல்லயே சொல்லியிருந்தா நான் ஏன் அறை வாங்கப்போறேன்? முதுகு வலிக்காரங்களுக்கு இன்னொரு வழியும் இருக்கு, மாஸ்க் ஃபின்னோட சும்மா எறங்கிட்டு, டேங்க் பிசிடி எல்லாத்தையும் தண்ணிக்குள்ளயே வாங்கி மாட்டிக்கலாம். கேக்குறதுக்குக் கூச்சப்படாதீங்க. நீரோட்டம் ஜாஸ்தியா இருக்குற எடத்துல, பிசிடில காத்தே இல்லாம விழுந்து மேல வராம நேரா கீழ போற நெகட்டிவ் என்ட்ரின்னு ஒண்ணு பண்றாங்க, பக்கத்துல நாலு பேர் அதப்பத்தி பெருமையா பேசிட்டு இருந்தாங்க. வால்வு தெறக்காம அப்படி விழுந்தா நேரா சங்குதான். நமக்கு வேணாம்.

ஏறுறதப் பத்தியும் எவனும் பேசுறதில்ல. அல ஆடுறப்போ ஏணி மேலயும் கீழயும் போயிட்டு வருது, வெயிட் பெல்ட்டயும் ஃபின்னையும் மேல குடுத்துட்டு, ரெகுலேட்டர வாயிலயே வச்சுக்கிட்டு ஏறணும், முன்னாடி ஏறுறவனுக்கு நேர் கீழ நிக்கவே கூடாது. என் முழங்கால்ல இன்னும் கருநீலமா ஒரு தழும்பு இருக்கு.

பட்ஜெட் எழுதுறேன்னு சொன்னேன்ல, அஞ்சு நாளுக்கு ஒரு ஆளுக்கு 41 ஆயிரம் ஆச்சு, மாஸ்க் சேத்து. இதுல ஒரு ராத்திரி ரூம் வாடகை தண்டம் மாதிரி தெரியும், ஆனா தண்டம் இல்ல. நெறைய டைவ் போட்டா கடைசி டைவுக்கப்புறம் 18 மணி நேரம் ஃபிளைட் ஏறக்கூடாது, அதனால போர்ட் பிளேர்ல ஒரு நாள் சும்மா கெடக்கணும், டிக்கெட் போடும்போதே கணக்குல வச்சுக்கோங்க.

திரும்பி வர்றப்போ காச மிச்சம் புடிக்க கவர்மென்ட் ஃபெர்ரில வந்தோம், ரெண்டரை மணி நேரம். பாதி வழில ஒரு அல தூக்கிப் போட்டுச்சு. என்ன அறியாம என் வலது கை வாயையும் மூக்கையும் பொத்திக்கிச்சு, இடது கை பின்னந்தலைக்குப் போச்சு, தலை குனிஞ்சு தொப்புளப் பாக்குது. பக்கத்து சீட்டுல இருந்த போர்ட் பிளேர் அம்மா பதறிப்போயி ஒரு கவரப் பிரிச்சு நீட்டுனாங்க. "வாந்தி வருதாய்யா? இதுல எடு, தரைல எடுத்துராத."