ஏழு வருஷம் கழித்து வந்த இறப்புச் சான்றிதழ்

2016 செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் அப்பாவும் பக்கத்து வீட்டு அண்ணனும் ஃபைபர் வள்ளத்தில் தூண்டில் தொழிலுக்குப் போனார்கள். கன்னியாகுமரிக்குத் தெற்கே, மீன் நிறைய கிடைக்கும் வாட்ஜ் பேங்க் கடல் பகுதி பக்கம். மறுநாள் மத்தியானம் கரை சேர்ந்திருக்க வேண்டும், வரவில்லை. புதன்கிழமை வேறு ஊர்க்காரர்கள் வள்ளத்தை மட்டும் கட்டி இழுத்து வந்தார்கள். கவிழ்ந்த அடையாளம் இல்லை. இன்ஜின் இருந்தது, ஐஸ் பெட்டி இருந்தது. அம்மா கொடுத்துவிட்ட தூக்குச்சட்டி பலகையோடு சேர்த்துக் கயிற்றால் கட்டியபடியே இருந்தது. திறந்து பார்த்தோம். பாதிச் சோறு மிச்சம் இருந்தது.

கடலோரக் காவல்படைக் கப்பல் தேடியது. ஊர் வள்ளங்களும் சொந்தக் காசில் எண்ணெய் போட்டுக்கொண்டு ஐந்து நாள் தேடின. உடல் கிடைக்கவில்லை. இனிமேல் யாருக்கும் இந்த நிலை வர வேண்டாம். வந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்குச் சொல்ல அன்றைக்கு ஆள் இல்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

ஆள் குறித்த நேரத்துக்கு வரவில்லை என்றால் உடனே 1554-க்குக் கூப்பிடுங்கள். கடலோரக் காவல்படையின் கட்டணமில்லாத எண். அப்பா எந்தப் பக்கம் போனார் என்று எங்களுக்கு வாய்வார்த்தையாகத்தான் தெரியும். வழக்கமாகப் போகிற இடத்தின் ஜிபிஎஸ் புள்ளிகளை வீட்டிலும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தால் தேடுகிறவர்களுக்கு எவ்வளவு உதவியாக இருந்திருக்கும்!

அடுத்தது போலீஸ். நாங்கள் போன நிலையத்தில் புகாரை வாங்கிக்கொண்டு, புகார் வந்தது என்பதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்தார்கள். அது போதும் என்று நினைத்து வந்துவிட்டோம். அது போதாது. எஃப்.ஐ.ஆர்., அதாவது முதல் தகவல் அறிக்கை, வேண்டும். பங்குத்தந்தையும் சங்கத்துக்காரர்களும் கூட வந்து பேசிய பிறகு பதினோராவது நாள்தான் ‘ஆள் காணவில்லை’ என்று பதிவானது. பின்னால் வக்கீல் முதலில் கேட்டதே இதைத்தான்: "ஏன் இத்தனை நாள் தாமதம்?" புகாரில் வள்ளத்தின் பதிவு எண், புறப்பட்ட நேரம், போட்டிருந்த சட்டை, கடைசியாகப் பார்த்தவர் யார், வள்ளத்தை மீட்டவர்கள் யார் எல்லாம் இருக்கட்டும். மீன்வளத் துறை அலுவலகத்திலும் அன்றே மனு கொடுத்து முத்திரை போட்ட நகல் வாங்கிவிடுங்கள்.

அப்புறம் காத்திருப்பு. உடல் இல்லாமல் இறப்புச் சான்றிதழ் கிடையாது. பழைய இந்திய சாட்சியச் சட்டத்தின் 108-ஆம் பிரிவுப்படி, இருந்தால் இயல்பாகத் தகவல் தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கே ஏழு வருஷமாக ஒரு தகவலும் இல்லை என்றால்தான் இறந்ததாகக் கருதலாம். 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் அது 111-ஆம் பிரிவு. வருஷக் கணக்கு மாறவில்லை.

இடையில் 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்தது. எங்கள் மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளில் அதே அழுகை. டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் மறியல் நடந்தபோது நானும் தண்டவாளத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒக்கியில் காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கு ஏழு வருஷம் காத்திருக்க வைக்காமல் 20 லட்சம் கொடுத்தார்கள். அது சரிதான், போராடி வாங்கியது. ஆனால் புயல் இல்லாத ஒரு சாதாரண நாளில் ஒருவர் இருவராகக் கடலில் காணாமல் போகிறவர்களின் வீட்டுக்கும் அடுப்பு எரிய வேண்டாமா? வள்ளம் அப்பா பெயரில் இருந்ததால் விற்க முடியவில்லை. வாரிசுச் சான்றிதழ் இல்லை, விதவை உதவித்தொகை இல்லை. அம்மா தலைச்சுமையாக மீன் விற்றுத்தான் எங்களை ஆளாக்கினாள்.

அந்தக் காசிலும் அப்பாவின் காப்பீட்டுப் பாலிசிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரீமியம் கட்டினாள். "இல்லாத ஆளுக்கு எதுக்கு?" என்று மாமா கேட்டார். "இல்லன்னு யாரு சொன்னது?" என்று கேட்டுவிட்டுச் சேலை முந்தானையில் முடிந்த ரூபாயை எடுத்து என் கையில் வைப்பாள். நடுவில் நிறுத்தியிருந்தால் பாலிசி காலாவதியாகி, அந்தப் பணம் முழுசாகக் கைக்கு வந்திருக்காது. ஏழு வருஷம் ஆனால் ஆள் இறந்ததாகக் கருதலாமே தவிர, எந்தத் தேதியில் இறந்தார் என்று, காணாமல் போன அன்றுதான் என்றுகூட, சட்டம் ஊகிக்காது என்று 2004-இல் உச்ச நீதிமன்றமே ஓர் எல்.ஐ.சி. வழக்கில் சொல்லியிருக்கிறது. இது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர் திரும்பி வருவார் என்று நம்பித்தான் அம்மா கட்டினாள்.

2023 கடைசியில் முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டோம். கண்டுபிடிக்க முடியவில்லை என்று போலீஸ் எழுதிக் கொடுத்த சான்று, எஃப்.ஐ.ஆர். நகல், மீன்வளத் துறை மனு, பங்குத்தந்தையின் கடிதம், பேப்பரில் கொடுத்த அறிவிப்பு எல்லாம் சேர்த்தோம். வள்ளத்தை இழுத்து வந்தவர்களில் ஒருவர் சாட்சிக்கு வந்தார்.

அம்மாவைக் கூண்டில் ஏற்றிய நாள்தான் கஷ்டம். "உங்கள் கணவரிடமிருந்து போன், கடிதம், யார் மூலமாவது தகவல், ஏதாவது வந்ததா?" என்று கேட்டார்கள். அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பாவின் போன் நம்பருக்கு அந்த மாதம் வரைக்கும் ரீசார்ஜ் செய்துகொண்டிருந்தவள் அவள். கொஞ்ச நேரம் கழித்து, "வரல்ல சார்" என்றாள். அவ்வளவுதான். வெளியே வந்ததும், "மக்களே, நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதோ?" என்று கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வழக்குக்குப் போகிறவர்கள் தாளை மட்டும் தயார் செய்யாதீர்கள். அந்தக் கேள்வி வரும் என்று வீட்டில் இருப்பவர்களிடம் முன்பே உட்கார்ந்து பேசுங்கள்.

2024-இல் தீர்ப்பு வந்தது. அதன் நகலைக் கொடுத்து இறப்பைப் பதிவு செய்தோம். பிறகு தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ், அதை வைத்து வள்ளமும் பாலிசியும். இதெல்லாம் சில மாதங்களில் முடிந்துவிட்டது.

எங்களுக்குக் கிடைத்த சான்றிதழில் இறந்த தேதி என்று 2024-இன் ஒரு நாள் இருக்கிறது. ஆண்டு நினைவுப் பூசைக்கு எந்தத் தேதி எழுதட்டும் என்று பங்குத்தந்தை கேட்டார். அம்மா யோசிக்கவே இல்லை. சோறு கட்டிக் கொடுத்த அந்தத் திங்கட்கிழமையின் தேதியைச் சொன்னாள்.