இதுதான் கடைசி விலையா?

"எல்லாம் சேர்த்துத்தானே? இதுதான் உங்கள் கடைசி விலையா?" என்று கேட்டேன். "ஆமாம் சார்" என்றார் எங்கள் நிறுவனத்துக்குச் சரக்கு தர வந்த வியாபாரி. ஆர்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அவருடைய விலைப்பட்டியலில் வண்டி வாடகையும் இறக்குக்கூலியும் விடுபட்டிருந்தது எனக்குத் தெரியும். விலை கொடுத்த மற்ற இரு வியாபாரிகள் அவற்றைத் தனி வரியாகக் காட்டியிருந்தார்கள். "வாடகையைச் சேர்த்தீர்களா?" என்று கேட்டிருந்தால் போதும். நான் கேட்டதோ, அவர் ஆமாம் என்று சொல்வதற்குத் தோதான கேள்வி.

கொள்முதல் பிரிவில் குறைந்த விலைக்கு வாங்குவதுதான் என் வேலை. அவர் கணக்கை நானா சரிபார்க்க வேண்டும்? பொய் சொல்லவில்லையே. இப்படிச் சொல்லிக்கொண்டு சில நாள் நிம்மதியாகவும் இருந்தேன்.

அப்புறம் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலை எடுத்தேன். களவு செய்யாதே என்ற ஏழாம் கட்டளையை விளக்கும் 2409ஆம் பத்தியில், அடுத்தவரின் அறியாமையையோ நெருக்கடியையோ பயன்படுத்தி விலையை ஏற்றுவதும் வருகிறது. ஏற்றுவது என்றுதானே இருக்கிறது, நான் குறைத்துத்தானே வாங்கினேன் என்று மனம் உடனே வாதாடியது. ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தப்பப் பார்த்தேன். இருவரும் ஒப்புக்கொண்டதாலேயே கூலி நியாயமாகிவிடாது என்று திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891இல் தம் சுற்றுமடலில் எழுதினார். அது கூலி, இது சரக்கு என்றும் சொல்லிப் பார்த்தேன். ஆனால் விடுபட்டதில் பாதி கூலிதானே! சரக்கை இறக்கியவர்களுக்கு அவர் கைக்காசைக் கொடுத்தாரா, குறைத்துக் கொடுத்தாரா? நான் விசாரிக்கவில்லை. விசாரிக்கப் பயம்.

பாவசங்கீர்த்தனத்தில், அதாவது பாவத்தை ஃபாதரிடம் அறிக்கையிடும்போது, இதைச் சொன்னேன். "அவருடைய இழப்பை ஈடு செய்ய முடியுமா?" என்று மட்டும் ஃபாதர் கேட்டார். ஏமாற்றி வாங்கியிருந்தால் நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாக பைபிளில் வரும் வரி வசூலிப்பவரான சக்கேயு சொன்னார். அவர் வாங்கியது அவரிடமே இருந்தது. நான் மிச்சம் பிடித்தது நிறுவனத்தின் கணக்கில் இருக்கிறது. மேலாளரிடம் பேசலாம். இன்னும் பேசவில்லை.

பில்லை மட்டும் கெடுவுக்கு முன்பே பாஸ் செய்தேன். வியாபாரி போன் செய்து நன்றி சொன்னார். தவறை அவர் கண்டுபிடித்துச் சண்டை போட்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

போன வாரம் அவரிடமிருந்து புதுப் பட்டியல் வந்தது. வாடகையும் கூலியும் இருக்கின்றன. விலை கொஞ்சம் அதிகம். பேரம் பேசாமல் விட்டுவிடலாம் என்று தோன்றியது. ஆனால் அது நிறுவனத்தின் பணத்தில் என் கடனை அடைப்பதாகிவிடும். பேசினால், மறுபடியும் அவரிடம் "இதுதான் கடைசி விலையா?" என்று கேட்க வேண்டும்.

பட்டியல் இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது.