வீட்டை விற்காதீங்கம்மா

ஒரு நோயாளியின் மகளிடம், "வீட்டை விற்காதீங்கம்மா" என்று மருத்துவரான நான் சொல்லியிருக்க வேண்டுமா? சில வருடங்கள் ஆகியும் மனசுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு நுரையீரல் புற்றுநோய், உடலின் வேறு இடங்களுக்கும் பரவிய நான்காம் நிலை. பீடி, சிகரெட் தொட்டதே இல்லை. பரிசோதனையில், கட்டியை வளரத் தூண்டும் இஜிஎஃப்ஆர் என்ற மரபணு மாற்றம் தெரிந்தது. 2004-க்கு முன்பு அப்படியொரு மாற்றம் இருப்பதே யாருக்கும் தெரியாது, பெரும்பாலும் கீமோதான் வழி. இப்போது அதற்கென்றே மாத்திரைகள் இருக்கின்றன. மகளிடம் இரண்டு வழிகளைச் சொன்னேன். ஒன்று ஒசிமெர்டினிப்: தினம் ஒரு மாத்திரை, மூளைக்குப் பரவிய கட்டியிலும் நன்றாக வேலை செய்யும், அன்றைக்கு மாதம் லட்சத்துக்கு மேல். இன்னொன்று விலை குறைந்த ஜெஃபிடினிப், கூடவே கீமோ.

அவர் கைபேசியிலேயே கணக்குப் போட்டார். "வீட்டை வித்தா ஒன்றரை வருஷம் சமாளிக்கலாம் சார்." அப்போதுதான் அப்படிச் சொன்னேன். நிமிர்ந்து பார்த்தார். "அப்போ அம்மாவுக்கு நல்ல மருந்து வேண்டாங்கிறீங்களா?"

அப்படிச் சொல்லவில்லை. மும்பை டாடா மெமோரியல் ஆய்வு 2020-இல் வெளிவந்திருந்தது. ஜெஃபிடினிப் மட்டும் கொடுத்தவர்களில் பாதிப் பேருக்கு 8 மாதத்துக்குள் நோய் மறுபடி வளர்ந்தது. கீமோவும் சேர்த்தபோது அது 16 மாதமானது. ஒசிமெர்டினிப் ஆய்வில் அதே கணக்கு 18.9 மாதம். வித்தியாசம் ஒரு வீட்டின் விலை பெறுமா? ஆனால் இரு வேறு ஆய்வுகளின் எண்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது என்று மாணவர்களுக்குச் சொல்பவனும் நான்தான். கீமோவின் வாந்தியும் களைப்பும் அந்த எண்ணுக்குள் இல்லை. அதைத் தாங்கப்போவது அந்த அம்மா.

அம்மாவுக்கு எத்தனை மாதம் கழித்து நோய் திரும்பியது என்பதை எழுதப் போவதில்லை. அதை வைத்து என் பதிலை எடைபோட முடியாது. வீட்டை விற்று அந்த மாத்திரையைக் கொடுத்திருந்தாலும் என்றோ ஒருநாள் திரும்பியிருக்கும்.

2024 பட்ஜெட்டில் ஒசிமெர்டினிப்புக்குச் சுங்கவரியை நீக்கினார்கள். நல்ல காரியம்தான். ஆனால் என் முன்னால் வந்து உட்காரும் பல குடும்பங்களுக்கு அது இன்னும் எட்டாத விலைதான்.

இப்போதெல்லாம் மருந்து, பலன், பக்கவிளைவு, விலை என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். சரி, அப்புறம் "நீங்க என்ன சொல்றீங்க சார்?" என்று கேட்பார்கள். "உங்கள் முடிவு" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட எனக்கு மனம் வருவதில்லை. இப்போதும் "வீட்டை விற்காதீங்க" என்றுதான் சொல்கிறேன்.