வைணு பாப்பு

பெங்களூர் கோரமங்களாவில் இருக்கும் நம்மவர்கள் பலர் தினமும் இந்திய வானியற்பியல் நிறுவனத்தைத் தாண்டித்தான் ஆபீஸ் போகிறோம். அதை உருவாக்கியவர் வானியலாளர் வைணு பாப்பு, 1927-ல் சென்னையில் பிறந்தவர்.

ஹார்வர்டில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோதே, 1949-ல், புதிய வால்மீன் ஒன்றைக் கண்டவர். ஆனால் எனக்குப் பெரிதாகத் தெரிவது, 1957-ல் அமெரிக்க வானியலாளர் ஓலின் வில்சனோடு சேர்ந்து வெளியிட்ட ஆய்வுதான். சூரியனைப் போன்ற, அதைவிடக் குளிர்ந்த நட்சத்திரங்களின் ஒளியை நிறமாலையாகப் பிரித்தால், கால்சியத்தின் இருண்ட 'கே' கோட்டின் நடுவே மெல்லிய பிரகாசம் ஒன்று தெரியும். அது எவ்வளவு அகலமோ, அந்த நட்சத்திரத்தின் இயல்பான ஒளியும் அவ்வளவு அதிகம். அந்த ஒளியை, நமக்கு இங்கே தெரிகிற ஒளியோடு ஒப்பிட்டால் தூரம் கிடைத்துவிடும். ஒரு கோட்டின் அகலத்திலிருந்து நட்சத்திரத்தின் தூரம்! இதை முதன்முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அவர் வெளிநாட்டிலேயே தங்கிவிடவில்லை. 1960-ல் கொடைக்கானல் ஆய்வகத்துக்கு இயக்குநரானார். பிறகு இருண்ட வானம் தேடி, ஜவ்வாது மலையில் காவலூர் ஆய்வகத்தை அமைத்தார். அங்கே 2.34 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடி கொண்ட தொலைநோக்கி ஒன்றை நாமே கட்ட வேண்டும் என்பது அவர் கனவு. அதன் கண்ணாடியைத் தீட்டியது நம்ம பெங்களூரில்தான். அது முடிவதற்குள், 1982-ல், 55 வயதில் போய்விட்டார். நினைக்கும்போதெல்லாம் மனசு கனக்கிறது. 1986-ல் அந்தத் தொலைநோக்கிக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாகக் காவலூர் போகலாம். பிள்ளைகளை ஒருமுறை கூட்டிப் போங்கள். பார்வையாளர் நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.